எடையை எங்கே இறக்குவது? ஆளுயரப் பொம்மைகளைக் கெடாமல் வைத்திருப்பது குறித்து ஓர் ஆய்வு

மனித உருவத்தை மனித உயரத்தில், தோலின் மென்மையோடும் உடலின் கனத்தோடும் செய்து முடிப்பது அரிய கைவேலை. செய்ததைக் கெடாமல் வைத்திருப்பது அதைவிடக் கடினம் என்பதை மெழுகுச் சிலைக் கூடங்களும் அருங்காட்சியகங்களும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருக்கின்றன. இன்று அதே சிக்கல் தனிமனிதர்களின் வீட்டுக்குள் வந்திருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சீனாவிலும் வயது வந்தோருக்கென்று செய்து விற்கப்படும் ஆளுயரப் பொம்மைகள் பெரும்பாலும் 25 முதல் 45 கிலோ வரை எடை கொண்டவை. துணையை இழந்தவர்கள், உடற்குறையால் தனித்து வாழ்பவர்கள், ஒளிப்படக் கலைஞர்கள், சேகரிப்பாளர்கள் என்று வாங்குவோர் பலவகை. வாங்கிய பிறகு எல்லோர் முன்னும் நிற்கிற கேள்வி ஒன்றுதான்: இதை எங்கே, எப்படி வைப்பது?

இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கப் பலருக்குக் கூச்சம். அந்தக் கூச்சமே முதல் சேதத்துக்கு வழிசெய்கிறது. இடம் தேடுகிறவர் பொம்மையின் பொருளுக்கு எது நல்லது என்று பார்ப்பதில்லை; யார் கண்ணிலும் படாத இடம் எது என்றே பார்க்கிறார். அலமாரியின் அடித்தட்டு, கட்டிலுக்கு அடியில் உள்ள இடுக்கு, கூரையை ஒட்டிய பரண், வீட்டுக்கு வெளியே உள்ள சாமான் கொட்டகை. மறைப்பதற்கு இவை நல்ல இடங்கள். மென்மையான, கனமான, எண்ணெய் கசியும் ஒரு பொருளைக் காப்பதற்கு ஏறக்குறைய எல்லாமே மோசமான இடங்கள். இந்தப் பொம்மைகள் கையாளும்போது கெடுவதைவிட ஓரிடத்தில் அசையாமல் கிடக்கும்போதுதான் அதிகம் கெடுகின்றன என்பதும், அவற்றின் பெரும்பகை அவற்றின் சொந்த எடைதான் என்பதும் என் கருத்து. பாதுகாப்பு பற்றிய மற்ற எல்லா விதிகளையும் அந்த எடையை எங்கே இறக்குவது என்ற கேள்வியிலிருந்து தொடங்கிப் பார்த்தால்தான் அவை பொருள்படும்.

இந்தப் பொம்மைகளின் வரலாறு நீளமானது. ஆஸ்திரிய ஓவியர் ஆஸ்கர் கோகோஷ்கா 1918இல், தன்னைப் பிரிந்துபோன ஆல்மா மாலரின் உருவில் ஓர் ஆளுயரப் பொம்மை செய்துதரும்படி மியூனிக் நகரப் பொம்மைக் கலைஞர் ஹெர்மினே மோஸிடம் கேட்டுக்கொண்டார். 1919இன் தொடக்கத்தில் அது வந்து சேர்ந்தது. மனிதத் தோலை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது பறவை இறகுபோலப் புசுபுசுவென்ற மேற்பரப்பு. உயிருள்ள தோலைப் போன்ற ஒரு பொருள் அன்று யார் கையிலும் இல்லை. வினைல், ரப்பர் காலம் அதன் பிறகு வந்தது. தோக்கியோவில் 1977இல் தொடங்கப்பட்ட ஓரியண்ட் இண்டஸ்ட்ரி நிறுவனம் வினைலில் தொடங்கி, 2001 வாக்கில் சிலிகோனுக்கு மாறியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சிற்பி மேட் மெக்முல்லன் 1990களின் பிற்பகுதியில் எஃகு மூட்டுகள் கொண்ட எலும்புக்கூட்டின் மேல் சிலிகோன் உடல் பொருத்திய ‘ரியல்டால்’ பொம்மைகளை விற்கத் தொடங்கினார். அதன் பிறகு சீனாவின் குவாங்டொங் மாகாணத் தொழிற்சாலைகள் மலிவான வேறொரு ரப்பரைக் கொண்டுவந்து சந்தையை அகலமாக்கின. சில ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கும் இந்தப் பொருளோடு வரும் பராமரிப்புத் தாளோ பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை.

சிலிகோனும் அந்த மலிவான ரப்பரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இயல்பில் வேறு வேறு. இதைப் பிரித்தறியாமல் எந்த அறிவுரையும் பயன்படாது. மலிவான வகையின் பெயர் தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர், புழக்கத்தில் டி.பி.இ. பொம்மைகளுக்குப் பயன்படும் டி.பி.இ. என்பது ஸ்டைரீன் கலந்த ஒரு ரப்பர் வலைக்குள் ஏராளமான மினரல் ஆயிலை ஊறவைத்த கலவை. அந்த எண்ணெய்தான் அதற்குத் தசை போன்ற குழைவைத் தருகிறது. வலையின் முடிச்சுகள் வேதிப் பிணைப்புகளால் ஆனவையல்ல. சூட்டில் தளர்ந்து குளிரில் இறுகுபவை. அதனால்தான் அதை உருக்கி அச்சில் வார்க்க முடிகிறது. அதனாலேயே வெப்பத்தில் அது மெல்ல உருக்குலையவும் செய்கிறது. சிலிகோன் அப்படியில்லை. அச்சுக்குள்ளேயே வேதிவினையால் நிலையாக இறுகிவிடும். உறைகுளிரிலும் 200 டிகிரி வெப்பத்திலும் தன் குழைவை இழக்காது. ஆனால் ஓரிடத்தில் சிறு வெட்டு விழுந்தால் அங்கிருந்து எளிதாகக் கிழிந்துகொண்டே போகும். டி.பி.இ. நன்றாக இழுபடும், சட்டென்று கிழியாது. பதிலுக்கு அழுத்தம் பட்ட இடத்தில் நிரந்தரமாகப் பள்ளமாகிவிடும்.

எடையிலும் வேறுபாடு உண்டு. எண்ணெய் நிறைந்த டி.பி.இ. தண்ணீரைவிடச் சற்று லேசானது. சிலிகோன் தண்ணீரைவிடக் கனமானது. ஒரே அச்சில் இரண்டையும் வார்த்தால் சிலிகோன் பொம்மை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கனமாக இருக்கும். நடுவில் நுரைக் கருவை வைத்து எடையைக் குறைக்கும் வழக்கம் இதனால் வந்தது. இரண்டு வகைக்கும் உள்ளே இருப்பது உலோக எலும்புக்கூடு. போல்ட்டால் இறுக்கிய மூட்டுகள். கழுத்தில் தலையைத் திருகிப் பொருத்த ஒரு மரை. இந்தக் கழுத்து மரை சேமிப்பில் முக்கியமான இடத்தைப் பிடிக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

அருங்காட்சியகச் சிலைகளோடு இவற்றை ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மேடம் துஸோ மெழுகுச் சிலைக் கூடங்களில் நிற்கும் உருவங்களுக்கு முகமும் கையும்தான் உயிரோட்டமாகச் செய்யப்பட்டவை. உடைக்குள் இருப்பது இலேசான, விறைப்பான கண்ணாடியிழை உடல். சிற்பி ரான் மியூக் செய்யும் பேருருவங்களிலும் பலவற்றுக்கு உள்ளே கண்ணாடியிழை ஓடுதான் தாங்குகிறது. அவற்றின் தோல் எடையைச் சுமப்பதில்லை. நாம் பேசும் பொம்மையில் தோலே தசை. அந்தத் தசையே மொத்த எடையையும் தரையோடு சேர்த்துப் பிடிக்கிற மெத்தை. சிக்கல் பிறக்கும் இடம் இதுதான்.

மல்லாக்கப் படுக்கவைத்த 35 கிலோ பொம்மையின் எடை எங்கே இறங்குகிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பின்தலை, தோள்பட்டை எலும்புகள், இடுப்பின் பின்புறம், குதிகால். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிக்குப் படுக்கைப் புண் வருவதும் இதே இடங்களில்தான். காரணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மேலே கனம், கீழே கடினப் பரப்பு, நடுவில் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே சிக்கிய மென்மையான அடுக்கு. நோயாளியின் தசையாவது புரட்டிப் போட்டால் மெல்ல மீளும். ரப்பருக்கு மீளும் சக்தி ஓரளவுதான். ரப்பர்த் தொழிலில் இதை அளக்க ஒரு சோதனையே இருக்கிறது. துண்டு ஒன்றை அதன் உயரத்தில் கால் பங்கு அமுங்கும்படி இறுக்கிவைத்து, குறித்த மணிநேரம் சூட்டில் வைத்து, விடுவித்தபின் எவ்வளவு எழும்பவில்லை என்று அளப்பார்கள். அழுத்தம், நேரம், வெப்பம் ஆகிய மூன்றும் கூடக்கூட எழும்பாத அளவும் கூடும். இந்தச் சோதனையில் சிலிகோன் பொதுவாக நன்றாகத் தேறும், குழைவான டி.பி.இ. தடுமாறும்.

எனவே படுக்கவைப்பதா வேண்டாமா என்பதைவிட எதன் மேல் படுக்கவைக்கிறோம் என்பதே முக்கியம். மரப்பலகையின் மேலும் அட்டைப்பெட்டியின் அடித்தளத்தின் மேலும் மாதக்கணக்கில் கிடத்தினால் இடுப்பின் பின்புறம் தட்டையாகிவிடும், கெண்டைக்கால் சப்பிவிடும். வந்த பெட்டியிலேயே வைத்திருப்பது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பெட்டி கப்பல் பயணத்தின் சில வாரங்களுக்காகச் செய்யப்பட்டது. சில மாதம் வைக்கலாம். ஆண்டுக்கணக்கில் வைத்தால் பொம்மை பெட்டியின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும்.

வியன்னாவின் யோசஃபினும் அருங்காட்சியகத்தில் 1780களில் ஃப்ளோரன்ஸ் நகரிலிருந்து இரண்டாம் யோசப் பேரரசர் வரவழைத்த உடற்கூற்று மெழுகுருவங்கள் இருக்கின்றன. கோவேறு கழுதைகளின் முதுகில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்தவை அவை. அவற்றில் ஆளுயர வீனஸ் உருவம் நுக்குமரச் சட்டமும் வெனிஸ் கண்ணாடியும் கொண்ட பெட்டிக்குள் பட்டு மெத்தையில் படுத்திருக்கிறது. அந்த மெத்தையைப் பார்ப்பவர்கள் அலங்காரம் என்றே நினைப்பார்கள். அதில் அலங்காரமும் உண்டு. ஆனால் 60 டிகிரிக்குச் சற்று மேலே உருகி, அதற்கு வெகு கீழேயே இளகத் தொடங்கும் மெழுகை ஒரு சமதளத்தில் கிடத்தாமல், உடலின் வளைவுகளுக்கு இடம்கொடுக்கும் ஒரு பரப்பில் கிடத்தியிருக்கிறார்கள் என்பதையும் அங்கே பார்க்க வேண்டும்.

வீட்டில் அதற்கு இணையானது கீழே உறுதியான தளம், அதன்மேல் கனமான நுரைமெத்தை, அதற்கும் மேலே மென்மையான ஓர் அடுக்கு. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துணியை வைத்துக் கால்களைச் சற்று மடக்கிவிட்டால் குதிகால் தரையைத் தொடாது. இடுப்பின் வளைவுக்கு அடியிலும் ஒரு தாங்கல் வேண்டும். எடை பரவினால் எந்த ஓரிடத்திலும் அழுத்தம் குவிவதில்லை. குப்புறக் கிடத்துவது அறவே கூடாது. மார்பும் முகமும் அமுங்கியபின் சரிசெய்வது மிகக் கடினம். ஒருக்களித்துக் கிடத்தினால் தோளும் இடுப்பெலும்பும் மொத்த எடையையும் வாங்கும். சில நாளைக்கு மேல் தாங்காது.

நுரைமெத்தையைப் பற்றி அருங்காட்சியகப் பாதுகாவலர்களிடமிருந்து கற்க வேண்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் சோஃபாக்களில் இருக்கும் பாலியூரித்தேன் நுரை சில ஆண்டுகளில் மஞ்சளித்து, பொடியாகி, பிசுபிசுக்கத் தொடங்கும். அருங்காட்சியகங்கள் இதனால் பாலிஎத்திலீன் நுரையையே நாடுகின்றன. வீட்டில் பாலியூரித்தேன் நுரையைத் தவிர்க்க முடியாது என்றால், அதற்கும் பொம்மைக்கும் நடுவே துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி இரண்டு மடிப்பாவது இருக்கட்டும். நுரையைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது தொங்கவிடுவது. தலையைக் கழற்றிவிட்டு, கழுத்து மரையில் ஒரு கொக்கியைத் திருகி, அலமாரிக்குள் தொங்கவிடும் முறை தயாரிப்பாளர்களிடமும் உடைமையாளர்களிடமும் பரவலாக இருக்கிறது. இதில் அழுத்தப் பள்ளம் எங்கும் விழுவதில்லை; அந்த வகையில் படுக்கையைவிட இது மேல். ஆனால் எடை எங்கும் போய்விடுவதில்லை. எலும்புக்கூடு கொக்கியில் தொங்குகிறது. சதை எலும்புக்கூட்டில் தொங்குகிறது. தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கீழ்நோக்கி இழுபடும் டி.பி.இ. கோடை வெப்பத்தில் மெல்ல நீளும். இறுக்கம் குறைந்த மூட்டுகள் தொடர்ந்த இழுப்பில் மேலும் தளரும். இதைவிடப் பெரிய ஆபத்து வெளியே இருக்கிறது. துணி மாட்டுவதற்காகப் போட்ட அலமாரிக் கம்பியும் அதைத் தாங்கும் சிறு திருகாணிகளும் 35 கிலோவை ஒரே புள்ளியில் தாங்கச் செய்யப்பட்டவையல்ல. கான்கிரீட்டில் பதித்த ஆங்கர் போல்ட்டோ தரையில் நிற்கும் தனி எஃகுச் சட்டமோ வேண்டும். கொக்கியின் மரை பொம்மையின் மரையோடு அளவில் சரியாகப் பொருந்த வேண்டும். அரைகுறையாகத் திருகிய கொக்கி நழுவி விழுந்தால் பொம்மையும் போகும், அருகில் நிற்பவர் காலும் போகும். தொங்கும்போது பாதம் தரையை உரசாமலும் உடல் சுவரில் சாயாமலும் இருப்பதையும் பார்க்க வேண்டும்.

நிற்கவைப்பது பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. உள்ளங்காலில் போல்ட் முனைகள் வெளியே வந்த வகையால் சிறிது நேரம் நிற்க முடியும். படமெடுக்க அது போதும். சேமிப்பு முறையாக அது ஏற்றதல்ல. கணுக்காலின் சிறிய மூட்டு மொத்த எடையையும் சமன் செய்ய வேண்டியிருப்பதால் ஒரு தட்டு போதும், சாய்ந்துவிடும்.

நாற்காலியில் உட்காரவைப்பதை விரும்புகிறவர்கள் நிறைய. பொம்மையை ஒரு பொருளாக அலமாரிக்குள் தள்ள மனம் வராதவர்களின் தேர்வு அது. அந்த மனநிலையை நான் மதிக்கிறேன். ஆயினும் உட்காரும்போது எடையில் பெரும்பகுதி இடுப்பின் அடியில் இரண்டு புள்ளிகளில் குவிகிறது. இடுப்பின் முன்மடிப்பும் முழங்காலின் பின்மடிப்பும் நாள்கணக்கில் மடிந்தே இருந்தால் அங்கே சுருக்கம் கோடாக விழும். பிறகு அதே கோட்டில் வெடிக்கும். பகலில் சில மணிநேரம் உட்காரவைத்துவிட்டு இரவில் படுக்கைக்கு மாற்றினால் குறையில்லை.

எந்த முறையானாலும் உடல் இருக்கவேண்டிய நிலை ஒன்று உண்டு. கைகள் உடலை ஒட்டாமல் பக்கவாட்டில் தாழ்ந்து, கால்கள் சற்றே விலகி, ஏறக்குறைய நேராக. கையைத் தலைக்கு மேல் தூக்கிய நிலையில் விட்டால் அக்குளில் தோல் இழுபட்டபடியே இருக்கும். கால்களை அகட்டிய நிலையில் விட்டால் தொடை இடுக்கில் அதே கதை. டி.பி.இ. பொம்மைகளில் கிழிசல் அடிக்கடி தோன்றுவது இந்த இரண்டு இடங்களில்தான். தோலோடு தோல் ஒட்டுமிடங்களில் பவுடர் தூவிய மெல்லிய வெள்ளைத் துணியை இடையே வைத்தால் ஒட்டாமலும் பளபளப்பு மாறாமலும் இருக்கும்.

தலைக்குத் தனி இருப்பு. கழற்ற முடிகிற தலையைக் கழற்றி, கழுத்து கீழே வரும்படி ஒரு தாங்கியில் நிறுத்தி, விக்கை எடுத்து வேறாக வைப்பது நல்லது. உடலோடேயே வைக்க நேர்ந்தால் பின்தலைக்கு நடுவில் குழிவுள்ள தலையணை வேண்டும். இறுக்கமான விக்கின் ஓரப்பட்டை நெற்றியில் தடம் பதிக்கும் என்பது பலருக்குச் சேதம் வந்த பிறகே தெரிகிறது.

வெப்பத்தைப் பற்றி மேலே அங்கங்கே சொல்லிவந்தேன். அது தனியாகப் பேசத் தகுந்தது. அழுத்தப் பள்ளமும் எண்ணெய்க் கசிவும் சாயம் ஏறுவதும் சூடு கூடக்கூட விரைவடைகின்றன. 25 டிகிரியில் ஓராண்டு தாங்கும் டி.பி.இ. 45 டிகிரி பரணில் ஒரு கோடையைக்கூடத் தாங்காமல் போகலாம். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். வீடு மாறும்போது பொம்மையைக் காரின் பின்பெட்டியில் ஒருநாள் விட்டுவைப்பது ஆண்டுக்கணக்கான கவனத்தை வீணாக்கிவிடும். சன்னலோர வெயிலும் கூடாது. ஒளியின் புற ஊதாக் கதிர் ரப்பரையும் முகப்பூச்சையும் சேர்த்தே கெடுக்கும். வீட்டின் உட்பக்கத்தில், தரைத்தளத்தில், சமையலறையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளியிருக்கிற அறையே சிறந்த அறை.

மனித உருவத்தில் உள்ள கனமான ரப்பர்ப் பொருளைக் காப்பதில் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த முன்னுதாரணம் விண்வெளி உடைகள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் வசமுள்ள அப்போலோ காலத்து உடைகளை உள்ளே உருவத் தாங்கல்களை வைத்து, படுக்கவைத்து, 18 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியிலும் சுமார் 30 விழுக்காடு ஈரப்பதத்திலும் காத்து வந்திருக்கிறது. உள்ளிருக்கும் ரப்பர் இறுகி நொறுங்குவதும், வினைல் குழாய்களிலிருந்து கசிந்த குழைவூட்டி துணியில் பழுப்புக் கறையாக இறங்குவதும் அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்கள். குளிர், வறட்சி, இருட்டு, முழு உடலுக்கும் பரவிய தாங்கல் என்ற நான்கும் நமக்கும் பொருந்தும். அத்தனை குளிரை வீட்டில் தர முடியாவிட்டாலும் திசை அதுவே.

அடுத்த பெரிய பகை தொடுபொருள். எண்ணெய் ஊறிய டி.பி.இ. தன்னைத் தொடும் எந்தச் சாயத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். புது ஜீன்ஸ், கறுப்புப் பருத்தி உடை, சிவப்புத் துணி, சாயத் தோல், செய்தித்தாளின் மை, வண்ணம் அச்சிட்ட அட்டை ஆகியவை சில நாளிலேயே கறை விடும். அந்தக் கறை மேலே படிவதில்லை, உள்ளே பரவுகிறது; துடைத்தால் போகாது. வினைல் பொம்மைச் சேகரிப்பாளர்கள் முகப்பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு களிம்பால் இத்தகைய கறைகளை வெளுக்கிறார்கள். அது வேலைசெய்யும். ஆனால் சுற்றியுள்ள நிறத்தையும் சேர்த்து வெளுக்கும். முகத்தின் பூச்சு இருக்குமிடத்தில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. சேமிப்பின்போது வெள்ளை அல்லது சாயமேற்றாத, பலமுறை துவைத்த பருத்தி உடையே போதும். எலாஸ்டிக் பட்டையும் பித்தான் வரிசையும் இல்லாமல்.

காற்றுக்குமிழ்ப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிவைப்பவர்கள் சில மாதம் கழித்து உடல் முழுதும் வட்ட வட்டத் தடங்களைக் காண்பார்கள். வினைல் விரிப்பு வேறு வகையில் கெடுக்கும்: அதன் குழைவூட்டியும் டி.பி.இ.யின் எண்ணெயும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இரண்டையும் பிசுபிசுப்பாக்கும். டி.பி.இ. பொம்மையும் சிலிகோன் பொம்மையும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கவும் கூடாது. மினரல் ஆயிலை உறிஞ்சிச் சிலிகோன் உப்பும். உலோகமும் அப்படித்தான். 1960களின் பார்பி பொம்மைகளில் காதணியின் செம்பு, வினைலின் குழைவூட்டியோடு வினைபுரிந்து காதைப் பச்சையாக்கியது சேகரிப்பாளர்கள் அனைவரும் அறிந்த செய்தி. நகை, சங்கிலி, கைக்கடிகாரம் எதையும் அணிவித்தபடி மாதக்கணக்கில் விடவேண்டாம்.

காற்றோட்டமாக வைப்பதா, மூடி வைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் பிளாஸ்டிக் பாதுகாப்பு வல்லுநர் இவோன் ஷஷுவா, குழைவூட்டிய வினைல் பொருள்களைக் கண்ணாடி போன்ற உறிஞ்சாத கலத்தில் மூடிவைத்தால் குழைவூட்டி இழப்பு குறைகிறது என்று காட்டினார். பாலிஎத்திலீன் பைகூட அதை உறிஞ்சிவிடும் என்பதும் அவர் கண்டது. பழைய வினைல் பொம்மை வைத்திருப்போருக்கு இது நேரடியாகப் பயன்படும். டி.பி.இ.யில் உள்ள மினரல் ஆயில் எளிதில் ஆவியாவதில்லை. தொட்டுக்கொண்டிருக்கும் துணியும் நுரையுமே அதை உறிஞ்சுகின்றன. ஆகவே உறிஞ்சும் பொருளின் தொடுகையைக் குறைப்பதும், இழந்த எண்ணெயைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மெல்லிய பூச்சாகத் திரும்பக் கொடுத்து, ஊறவிட்டு, மிகுதியைத் துடைத்துப் பவுடர் பூசுவதும் இங்கே வழி. சிலிகோனுக்கு இந்த எண்ணெய்ப் பூச்சு வேண்டவே வேண்டாம். தூசியை ஈர்க்கும் அதன் இயல்புக்கு மேலே ஒரு தளர்ந்த துணி உறையும் அவ்வப்போது மிதமான சோப்புநீரும் போதும்.

ஈரம் உள்ளிருந்து கொல்வது. கழுவியபின் கழுத்து மரையிலும் பாதத்தின் போல்ட் துளையிலும் உட்குழிவுகளிலும் தங்கும் நீர், எலும்புக்கூட்டைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வெளித்தோலில் பழுப்பாகத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். 65 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் நீடிக்கிற இடத்தில் பூஞ்சை தழைக்கும். சோளமாவுப் பவுடரோ அதற்கு உணவாகவும் ஆகும். முழுதாக உலர்த்தியபின் மூடுவது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து மாற்றிக்கொண்டே இருப்பது, கடலோர ஊர்களில் ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வைப்பது ஆகிய மூன்றும் சிறு செலவுதான்.

பொம்மையைப் பற்றியே பேசிவிட்டுத் தூக்குகிறவரை மறக்கக் கூடாது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கத்தக்க எடைக்கு 23 கிலோவை வரம்பாக வைக்கிறது. பிடி கிடைக்காத, நழுவும், நடுவில் மடியும் 35 கிலோ உருவத்தைக் குனிந்து அள்ளுவது அந்த வரம்பைப் பலவகையிலும் மீறுவது. முதுகு பிடிக்கும், தடுமாறி விழுந்தால் பொம்மையின் விரல் எலும்பு தோலைத் துளைத்து வெளியே வரும். கையையோ காலையோ பிடித்து இழுக்காமல், ஒரு கை முதுகுக்கும் ஒரு கை முழங்காலுக்கும் அடியில் கொடுத்து, மார்போடு அணைத்து, முழங்காலை மடக்கி எழ வேண்டும். சக்கர நாற்காலியோ சக்கரம் வைத்த தாழ்வான மேடையோ இருந்தால் தூக்குவதே குறையும். சேமிப்பிடத்தின் உயரம் கட்டிலின் உயரத்தோடு ஒத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தெடுப்பதும் பரணிலிருந்து இறக்குவதும் ஆளையும் பொம்மையையும் சேர்த்துக் கெடுக்கும்.

மறைவுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. உள்ளே நுரை பொதிந்து பூட்டக்கூடிய நீளப்பெட்டி, இருக்கைக்கு அடியில் நீள அறை கொண்ட சோஃபா, ஆழமான அலமாரிக்குள் தனிச் சட்டம் என்று சந்தையில் சில வழிகள் வந்திருக்கின்றன. நல்ல மறைவிடம் மேலே சொன்ன தாங்கலையும் வெப்ப அளவையும் விட்டுக்கொடுக்காது. வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் பூட்டு கட்டாயம். எதிர்பாராமல் பார்ப்பவர் உண்மையான உடல் என்று நினைத்துவிடும் அளவுக்கு இவை உயிரோட்டமானவை. ஜப்பானின் இஸு பகுதியில் 2008இல் காட்டில் தூக்கப் பைக்குள் கட்டிக் கிடந்த உருவத்தைக் காவலர்கள் பிணம் என்றே எடுத்துச்சென்றார்கள். பரிசோதனை மேசைக்கு வந்தபிறகே பொம்மை என்று தெரிந்தது. வீசியவர் மீது கழிவுச் சட்டப்படி நடவடிக்கை வந்தது. வைத்திருக்க முடியாத காலம் வரும்போது என்ன செய்வது என்று முன்பே யோசிக்காததன் விளைவு அது. ஓரியண்ட் இண்டஸ்ட்ரி தன் வாடிக்கையாளர்களிடமிருந்து பழைய பொம்மைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தப் பொறுப்பு மற்ற நிறுவனங்களிடம் அரிது.

நீண்ட காலம் தொடாமல் வைக்க நேர்ந்தாலும் மாதத்துக்கு ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து, தாங்கலின் இடத்தைச் சற்று மாற்றி, பின்தலை, முதுகு, இடுப்பு, குதிகால் ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். பள்ளம் புதிதாக இருந்தால் எடையை விலக்கி வெதுவெதுப்பான சூட்டில் சில நாள் ஓய்வுகொடுத்தாலே டி.பி.இ. ஓரளவு எழும்பும், பழையதானால் எழும்பாது. கிழிசலைக் கண்டால் ஒட்டும் பசையைத் தேர்வதில் கவனம் வேண்டும்: சிலிகோனைச் சிலிகோன் பசை மட்டுமே பிடிக்கும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: பொம்மையைத் தேர்வதற்கு முன் அது கிடக்கப்போகும் இடத்தின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள், கோடையில் அங்கே எத்தனை டிகிரி என்று பாருங்கள், உங்களால் எவ்வளவு தூக்க முடியும் என்பதையும் நேர்மையாகக் கணக்கிடுங்கள். செய்து விற்பவர்களுக்கு ஒன்று: எந்த ரப்பர், எத்தனை கிலோ, எவ்வளவு வெப்பம் வரை தாங்கும், எந்த நிலையில் எத்தனை நாள் வைக்கலாம், காலம் முடிந்தால் யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு பெட்டியிலும் வாங்குபவரின் மொழியில் அச்சிட்டுக் கொடுங்கள்.